மணக்கும் மலையில் ஒரு சாக்கு

"ஏ, என் சாக்கு இன்னும் காயலடி. ஒன் சாக்கைக் கொண்டா, வெரசா. ஜீப்பு போயிரும்."

காய்ச்சலில் படுத்திருந்த சந்திரவல்லி, மூலையில் கிடந்த தன் சாக்கைக் காலால் தள்ளிவிட்டாள்.

"கையால எடுத்துக் குடுக்க முடியலையோ மகாராணிக்கு?" அக்கா சோலையம்மாள் ஏசிக்கொண்டே அதைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினாள்.

அன்று போடிமெட்டுக்கு ஏறிய ஜீப்பு ஒரு வளைவில் உருண்டது.

ஏலக்காய் எடுக்கப் போகிற பெண்கள் இடுப்பில் சாக்கு கட்டிக்கொள்வார்கள். ஈரத்தரையில் உட்கார்ந்து நகர்ந்தபடியே எடுக்கிற வேலை. ஒருத்தி சாக்கு இன்னொருத்தியிடம் போய்விடாமல் இருக்க உட்பக்கம் பேனாவால் பெயர் எழுதி வைப்பார்கள். அதனால் இறந்தவர் பட்டியலில் முதலில் சந்திரவல்லி என்றுதான் எழுதினார்கள். அதைத் திருத்த, அவளே காய்ச்சலோடு போய் உயிரோடு நின்று காட்ட வேண்டியிருந்தது.

கொடியில் கிடந்த அக்காவின் சாக்கை என்ன செய்வதென்று தெரியவில்லை. செத்தவள் கட்டியதை வீட்டில் வைக்கக் கூடாது. ஆற்றில் விட மனம் வரவில்லை. இரண்டு வருஷம் விறகுக்குப் பின்னால் கிடந்தது. அப்போதுதான் சென்னை அருங்காட்சியகம் ஒன்றிலிருந்து, தோட்ட வேலைக்காரர்கள் புழங்கிய பொருள்களைக் கேட்டு அவர்கள் ஊரான சிலமலைக்கு ஆள் வந்தது. அக்காவின் புருஷன் ராக்கையா எடுத்துக் கொடுத்துவிட்டார்.

"வீட்லதான் ஆகாது. அங்கன நாலு பேரு பாக்க அவ பேரோட இருக்கட்டும் வல்லி."

திறப்பு விழாவுக்கு அழைப்பு வந்தது. மச்சானுக்கு மருந்தடிக்கிற சோலி இருந்ததால் அவள் மட்டும் ரயிலேறினாள்.

கண்காட்சிக்கு 'மணக்கும் மலை' என்று பெயர். வாசலில் வருகிறவர்கள் மீதெல்லாம் ஏலக்காய் சென்ட் பீய்ச்சினார்கள். உள்ளே பாதியாய் அறுத்த ஜீப்பு ஒன்று நின்றது. ஏறி உட்கார்ந்தால் குலுங்கும். எதிரே திரையில் மலை வளைவுகள் ஓடும். வளைவு வரும்போது எல்லோரும் சேர்ந்து கத்தும்படி ஒரு பெண் மைக்கில் உற்சாகப்படுத்தினாள்.

"செம த்ரில்லுப்பா! இன்னொரு ரவுண்டு!" என்றான் ஒருவன், மனைவி படமெடுக்க.

சந்திரவல்லி ஜீப்புப் பக்கம் பார்க்காமல் நடந்தாள்.

அடுத்து ஒரு பொம்மை. உதட்டுக்குச் சாயம் பூசி, இடுப்பில் அக்காவின் சாக்கைத் துண்டு மாதிரி சுற்றியிருந்தார்கள். அதற்கும் அதே சென்ட். கீழே ஒரு சீட்டு: 'ஏலத்தோட்டத் தொழிலாளி. பெயர் தெரியவில்லை.'

பொறுப்பாளர் பெண்ணைத் தேடிப்பிடித்தாள்.

"பேரு அந்தச் சாக்குலயே இருக்குங்க. உள்பக்கம். திருப்பிக் கட்டுனா தெரியும்."

"அய்யோ, அப்படியா! இதை நீங்க மேடையில சொல்லுங்கம்மா. ரொம்ப டச்சிங்கா இருக்கும்."

"மேடையில எதுக்குங்க? சீட்டுல எழுதுங்க."

"பிரிண்ட் பண்ணதை மாத்தணும்னா கமிட்டி கூடணும்மா."

மேடையில் சால்வை போர்த்தினார்கள். "எங்கக்கா பேரு சோலையம்மா. சாக்குல எழுதிருக்கு" என்று மட்டும் சொன்னாள். கைதட்டினார்கள். ஒருவர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். பிறகு எல்லோரும் ஏலக்காய்ப் பாயசம் குடிக்கப் போனார்கள். ஒருத்தர்கூட அந்தப் பொம்மைப் பக்கம் திரும்பவில்லை.

அவள் பொம்மையைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே போனாள். சாக்கை அவிழ்த்து, உதறி, உட்பக்கம் வெளியே தெரிய, கட்டவேண்டிய விதத்தில் இறுக்கிக் கட்டினாள்.

"ஏம்மா, ஏம்மா! அதைத் தொடக் கூடாது!" காவலாளி ஓடி வந்தார்.

"எங்கக்கா சாக்கைத் தொட ஒங்கிட்ட டிக்கெட் வாங்கணுமாய்யா?"

அவர் அவள் முழங்கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டார். சால்வையை வாசல் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, சென்ட் மணம் போகிறவரை தெருக்குழாயில் கையைக் கழுவினாள்.

ஒரு மாதம் கழித்து, சென்னையில் படிக்கிற அக்கா மகள் சிவரஞ்சனி போய்ப் பார்த்து, போனில் படம் அனுப்பினாள். சாக்கு சந்திரவல்லி கட்டியபடியே இருந்தது. சோலையம்மாள் என்கிற நீல எழுத்து தூரத்திலிருந்தே தெரிந்தது. கீழே சீட்டில் இன்னும் 'பெயர் தெரியவில்லை.'