மாற்றிச் சொன்ன ஒன்பது நாட்கள்

1

இந்தக் கதை ஒரே ஒரு வாக்கியத்திலிருந்து தொடங்கியது. அந்த வாக்கியத்தை யாராவது உண்மையில் சொன்னார்களா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை.

என் மனைவி பட்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, தண்ணீர்ச் சொம்பை இழுத்துக்கொண்டே, "தலையைப் பொளக்கறது" என்று ஆரம்பித்ததாக ஒரு நினைவு. "கண்ணு என்னமோ பண்றது" என்று ஆரம்பித்ததாக இன்னொரு நினைவு. வலி என்ற பேச்சே எடுக்காமல் நேராக விளக்கைச் சுற்றிய வளையத்துக்கு வந்துவிட்டதாக மூன்றாவது. மூன்றிலும் வெளியே மழை பெய்கிறது. மூன்றிலும் அனந்தராமன் விரலைத் தூக்குகிறார்.

அனந்தராமன் நான்தான். பெயர் மட்டும் வேறு. 'நான்' என்று வைத்து நாலு பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தபோது அந்த ஆள்மேல் எனக்கே இரக்கம் வந்துவிட்டது. கிழித்துப் போட்டேன். 'அவர்' என்று எழுதினால் கொஞ்சம் தள்ளி நிற்கிறார்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"பாணேர்க் குன்றின்மேல் வெயில் ஏறும்போது, ஒவ்வொரு நாளும் ஒரு பரிசு என்று அனந்தராமனுக்கு—" வேண்டாம்.

"ஒரு நாளை முழுதாக வாழ்வது எப்படி என்று அவர் கற்றுக்கொண்டது அறுபது வயதுக்கு மேல்தான். அதற்குள்—" இதுவும் வேண்டாம். இது காலை ஆறு மணிச் செய்தி மாதிரி இருக்கிறது. (அது என்ன செய்தி என்று சொல்கிறேன்.)

"குறை கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை."

இது நிற்கட்டும்.

3

குறை கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை. மராத்தி ஊரான தளேகாவில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் தரப் பரிசோதனை. தாபோடியில் குடியிருந்த நாட்களில் விடிவதற்கு முன் லோக்கல் ரயிலைப் பிடித்துப் போவார். வார்ப்பு உருப்படியை விரலால் தடவியே விரிசல் இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுவார் என்று அங்கே பெயர். அதே விரல்தான் வீட்டிலும். தோசையின் ஓரம், மகள் தேஜஸ்வினியின் கையெழுத்து, பட்டு மடித்து வைத்த வேஷ்டி, எதுவும் தப்பாது.

"அப்பா முத்திரை குத்தினாத்தாண்டி நாம சாப்பிடலாம்" என்பாள் பட்டு மகளிடம், அவர் காதில் விழும்படி.

ஓய்வு பெற்ற பிறகு பாணேரில் ஃபிளாட் வாங்கி வந்தார்கள். அங்கேதான் பத்ரிநாத் பழக்கமானார். வங்கியில் மேலாளராக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்க் குடும்பங்களைக் கூட்டி, ஒவ்வொரு நாளையும் நல்லபடியாக வாழ்வது பற்றி வகுப்பு எடுப்பார். அவரைப் போலி மனிதராக எழுதினால் எனக்குச் சௌகரியம். அவர் அப்படி இல்லை. முதல் வகுப்பில் அனந்தராமனைத் தனியாகக் கூப்பிட்டு, "முப்பத்தோரு வருஷம் குறை எழுதினேள் சார். மிச்ச நாளைக்கு நல்லதை எழுதிப் பாருங்கோளேன்" என்று மட்டும் சொன்னார். அனந்தராமன் திரும்பி வரும்போது ரிக்‌ஷாவில் அழுதார். பட்டு குடியிருப்பு வாசல் வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு வழக்கம் வந்தது. ராத்திரி எட்டு மணிக்கு மூன்று பேரும் சாப்பிட உட்காருவார்கள். சப்பாத்தியைப் பிய்ப்பதற்கு முன் ஆளுக்கு ஒரு நல்லது சொல்ல வேண்டும். புகார் சொல்லக் கூடாது. வாயில் புகார்தான் வருகிறதென்றால் அனந்தராமன் விரலைத் தூக்குவார். "மாத்திச் சொல்லு."*

"ஹிஞ்சவடி டிராஃபிக்ல ரெண்டு மணி நேரம்ப்பா. பாகல் ஆயிடுவேன், நிஜமாவே பைத்தியம்."

"மாத்திச் சொல்லு."

"ரெண்டு மணி நேரம் எந்த மேனேஜரும் என் மூஞ்சியைப் பாக்கலை. போதுமா?"

"பேஷ்!"

மூன்று பேரும் கைதட்டுவார்கள். பட்டுதான் இதில் கெட்டிக்காரி. "பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிஞ்சுடுத்து" என்று ஆரம்பித்து, விரல் எழும்புவதற்குள், "அதனால உங்கப்பா இன்னிக்கு அடுப்பு தொடைக்கக் கத்துக்கப் போறார்" என்று முடித்தாள் ஒருநாள். தேஜு சிரித்துப் புரையேறினாள்.

தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த எழுதாத பரிசோதனைப் பதிவேடு ஒன்று அவரிடம் இருந்தது. தேதி, உருப்படி, குறை என்று கோடு போட்ட பத்திகள். குறை என்ற தலைப்பை அடித்துவிட்டு 'நல்லது' என்று எழுதினார். சொன்னதையெல்லாம் தேதி போட்டு அதில் பதிந்தார். அவற்றில் சிறந்ததைக் கொஞ்சம் செதுக்கி, காலை ஆறு மணிக்கு பத்ரிநாத்தின் வாட்ஸ்அப் குழுவில் போடுவார். இருநூற்றுச் சொச்சம் பேர் படித்தார்கள்.

அந்த முதல் வருஷம் எங்கள் வீடு சந்தோஷமாக இருந்தது. இதை மறைத்தால் கதை பொய்யாகிவிடும்.

* "மாத்திச் சொல்லு" என்பதை இந்தக் கதை எழுதும்போதும் என் கை செய்துகொண்டே இருக்கிறது. மேலே "கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்" என்று எழுதியதைப் பாருங்கள். அவள் பிடித்தது உண்மை. ஆனால் அதற்கு முந்தின வருஷங்களில் அவள் எத்தனை முறை அழுதாள், அப்போது நான் எதைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று எழுதாமல் தாண்டி வந்துவிட்டேன்.

4

2022 ஜூலை 19, செவ்வாய்க்கிழமை. தேதியில் சந்தேகம் இல்லை, பதிவேட்டில் இருக்கிறது.

சாயங்காலம் அனந்தராமனும் பட்டுவும் மெட்ரோ தூண்களுக்குக் கீழே சேறு மிதித்து, காய் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். எட்டு மணிக்கு மேஜை. பட்டு ஏதோ சொன்னாள். (இதுதான் எனக்கு நினைவில்லாத இடம்.) அனந்தராமன் விரலைத் தூக்கினார்.

பட்டு தண்ணீர்ச் சொம்பை ஓரமாக நகர்த்தி வைத்தாள். பிறகு, "தெருவிளக்குக்கெல்லாம் வானவில் மாதிரி வளையம் கட்டியிருந்துது. ஒவ்வொண்ணுக்கும். உள்ள நீலம், வெளில செகப்பு" என்றாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றாள் தேஜு.

"உனக்கு ஃபோனைத் தவிர என்னடி தெரியும்?" என்றார் அனந்தராமன்.

கைதட்டினார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்கு இப்படிப் போட்டார்: "மழை விட்ட தெருவில் ஒவ்வொரு விளக்கும் ஒரு வானவில்லை அணிந்திருந்தது. பார்க்கத் தெரிந்த கண்ணுக்குத் தினமும் பண்டிகை." எண்பத்து மூன்று பேர் கைகூப்பினார்கள். பத்ரிநாத் அதை ஞாயிறு வகுப்பில் வாசித்துக் காட்டினார்.

வாக்கியமாகப் பார்த்தால் இன்றைக்கும் அதில் குறை சொல்ல எனக்குத் தெரியவில்லை.

5

பட்டு என்ற பாத்திரம் எனக்குப் பிடிபடவில்லை.

பயந்து மறைத்தாள் என்று எழுதிப் பார்த்தேன். அவள் யாருக்கும் பயப்படுகிறவள் இல்லை. வீட்டின் சந்தோஷத்தைக் கெடுக்கக் கூடாது என்று விட்டுக்கொடுத்தாள் என்று எழுதினேன். படிக்க உருக்கமாக இருந்தது, அதனாலேயே நம்பிக்கை வரவில்லை. கைதட்டல் அவளுக்குப் பிடித்திருந்தது என்று ஒன்று. வளையம் நிஜமாகவே அவளுக்கு அழகாகத் தெரிந்தது என்று ஒன்று. முப்பத்தைந்து வருஷம் கூட இருந்தவளைப் பற்றி எழுதும்போது இப்படி நாலு ஊகத்தை வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

தெரிந்தவற்றை மட்டும் எழுதுகிறேன். சாயங்காலங்களில் நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டாள். இடது பக்கம் வைத்த மூடியை வலது பக்கம் தேடினாள். சமையலறைக் கதவில் அடிக்கடி தோள் இடித்தது.

"கண்ணை எங்க வெச்சுண்டு நடக்கறே பட்டு?"

"உங்க தட்டுலதான். ஊறுகாய் இன்னும் வேணுமா?"

அவரும் சிரித்தார். அன்று அவர் பதிந்தது: "இடித்தும் அடி படவில்லை. நல்லது."

6

2024 நவம்பரில் ஒரு ஞாயிறு, பகல் பதினோரு மணி. பத்ரிநாத் கூடத்தின் திரைச்சீலைகளையெல்லாம் இழுத்துவிட்டு, இருட்டில் உட்கார்ந்து அவரவர் நன்றிகளை நினைக்கச் சொன்னார்.

பட்டு அனந்தராமனின் முழங்கையைத் தொட்டாள். "ஏன்னா, போலாமா?"

"பத்து நிமிஷம்."

நாற்பது நிமிஷம் ஆனது. அவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை. திரையை விலக்கியபோது அவள் நாற்காலியில் இல்லை. வராந்தாவில் தூணைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். இடது கண் இரத்தமாகச் சிவந்திருந்தது. பத்ரிநாத்தான் தன் காரில் கண் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் "கொஞ்சம் பொறுத்துக்கோங்கோ மாமி" என்றார். ஞாயிறானாலும் அன்று வேலைக்குப் போயிருந்த தேஜு நேராக அங்கே வந்தாள்.

சின்னவயது மராத்தி டாக்டர். காச்பிந்து, அதாவது கிளாக்கோமா என்றார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றுவிடும், போன பார்வை வராது. இருட்டில் வெகுநேரம் இருந்தால் அழுத்தம் சட்டென்று ஏறும். இன்று நடந்தது கடைசிக் கட்டம், இதற்கு முன்பே பல தடவை ஏறி இறங்கியிருக்க வேண்டும் என்றார். பிறகு இந்தியில் கேட்டார்: "ஆன்ட்டி, விளக்கைச் சுற்றிக் கலர் கலராக வளையம் தெரிந்ததா, எப்போதாவது?"

"நஹி, நஹி" என்று முந்திக்கொண்டார் அனந்தராமன்.

அவர் பொய் சொல்லவில்லை, அந்த நிமிஷம் நினைவுக்கு— [இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை. என்னாலேயே நம்ப முடியவில்லை.]

"ஹாங் ஜி" என்றாள் பட்டு, கண்ணில் பஞ்சை அழுத்திக்கொண்டு. "தோ ஸால் ஸே."

இரண்டு வருஷமாக. டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். "யாரிடமும் சொல்லவில்லையா?"

"பதாயா தா" என்றாள் பட்டு. சொன்னேனே.

டாக்டர் அனந்தராமனைப் பார்த்தார். தேஜுவும் பார்த்தாள்.

7

பட்டுவை அங்கேயே படுக்க வைத்துவிட்டு அப்பாவும் மகளும் துணி எடுக்க வீட்டுக்கு வந்தார்கள். தேஜு பதிவேட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். விரலை வைத்து, பக்கம் பக்கமாகப் போனாள்.

"வ... ளை... யம். அப்பா, இது அதுதானே?"

"ம்."

"இங்கயும் இருக்கு." பக்கம் புரண்டது. "இங்கயும்."

ஒன்பது இடம். ஒன்பதும் அவருடைய கையெழுத்து. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், காலைச் செய்திக்கு எடுத்ததற்கு அடையாளமாக ஒரு டிக்.

"லாக் ஷீட்டுப்பா இது" என்றாள் தேஜு. "டேட் எல்லாம் கரெக்டா போட்டிருக்கே."

தொழிற்சாலையில் ஒரே குறை அடுத்தடுத்து மூன்று உருப்படியில் தெரிந்தால் வேலையை நிறுத்த வேண்டும். யாரையும் கேட்கத் தேவையில்லை, பரிசோதகர் கையைத் தூக்கினால் போதும், இயந்திரம் நிற்கும். அனந்தராமன் முப்பத்தொரு வருஷம் அப்படித்தான் நிறுத்தியிருக்கிறார்.

தேஜு அவரைத் திட்டவில்லை. "நானும்தானே கைதட்டினேன்" என்று சொல்லிவிட்டு அம்மாவின் துணிகளை மடிக்கப் போனாள்.

8

முடிவுகள்.

அ) பட்டு மெல்ல மெல்லப் புது வாழ்க்கைக்குப் பழகுகிறாள். பார்வை குறையக் குறையக் காதும் மூக்கும் கூர்மையாகி, உலகம் அவளுக்கு வேறு விதமாகத் திறக்கிறது. — இது காலை ஆறு மணிச் செய்தி. வேண்டாம்.

ஆ) அனந்தராமன் பதிவேட்டைக் கொளுத்துகிறார். — கொளுத்தினால் அவருக்கு லேசாகிவிடும். வேண்டாம்.

இ) பட்டு மன்னிக்கிறாள். — அவள் வாயில் அதை நான் எழுதக் கூடாது.

நடந்தது இது. வீட்டுக்கு வந்த நாலாம் நாள், பகலில், சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"அங்கேயே உக்காந்துண்டு எதுக்குப் பெருமூச்சு விடறேள்?"

"ஒம்போது தரம் வளையம்னு சொன்னியே பட்டு. ஒரு தரம் வலிக்கறதுன்னு சொல்லியிருக்கப்படாதா?"

"சொன்னா மாத்திச் சொல்லுன்னுவேள். அதான் நானே முன்னாடியே மாத்திண்டு வந்துட்டேன்."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவர் பதில் சொல்லியிருப்பார். கீழே யாரோ ஸ்கூட்டரைக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள். ஒருவழியாக அது கிளம்பிப் போனது.

"மொத நாள்... மொதல்ல வலின்னு சொல்லிட்டு அப்பறம் மாத்தினியா? நேரா வளையம்னே சொன்னியா?"

"ஞாபகம் இல்லையே." மூடிய கண்ணோடு முகத்தை அவர் பக்கம் திருப்பினாள். "தெரிஞ்சுண்டு என்ன பண்ணப் போறேள்? அதையும் எழுதிக்கவா?"

வாசகரே, முடிவை உங்களிடம் கொடுக்க எனக்கு உரிமை இல்லை. அது அவளுடைய கண்களில் நடந்து முடிந்துவிட்டது. தொடக்கத்தை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலை 19 அன்று அவள் முதலில் என்ன சொன்னாள் என்று நீங்கள் தீர்மானியுங்கள். வலி என்று சொன்னாள் என்றால் அனந்தராமன் கேட்டும் கேட்காதவர். சொல்லவில்லை என்றால், அதற்கு முன்பே அவளைச் சொல்லாதவளாக ஆக்கியிருந்தவர்.

9

பட்டுவுக்கு இடது கண் தெரியாது. வலது கண்ணில் லேசர் செய்தார்கள். நேராக இருப்பது மட்டும் தெரிகிறது, ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போல என்று சொல்கிறாள். சொட்டு மருந்து ஆயுசு வரைக்கும். தேஜஸ்வினிக்கு பெங்களூரில் கிடைத்த வேலையை அவள் ஏற்கவில்லை. காலையில் மருந்து விட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போகிறாள். பத்ரிநாத்தின் வகுப்பு நடக்கிறது. திரைச்சீலைகளை இப்போது இழுப்பதில்லை. ஆறு மணிச் செய்தியை வேறொருவர் எழுதுகிறார். பதிவேட்டை டாக்டர் ஒருமுறை கேட்டு வாங்கித் தேதிகளைக் குறித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். அனந்தராமன் குழுவிலிருந்து விலகிவிட்டார், காரணம் சொல்லவில்லை. எட்டு மணிக்கு மூன்று பேரும் சாப்பிடுகிறார்கள். இதை எழுதி முடிக்க அவருக்கு ஐந்து மாதம் ஆனது. பட்டுவால் இவ்வளவு பக்கங்களைப் படிக்க முடியாது. வாசித்துக் காட்டட்டுமா என்று அவர் இன்னும் கேட்கவில்லை.