மஞ்சள் அம்பு

மஞ்சள் அம்பு மறுபடியும் நீல அம்பின் பக்கத்தில் போய் நின்றது.

எச்சரிக்கை அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். திரையில் இரண்டு அம்புகளுக்கும் நடுவே விரல்கடை இடைவெளிகூட இல்லை. நீலம் ஒரு கோடு இழுத்தது. மஞ்சள் அதைச் சுற்றி வட்டமடித்தது. நீலம் சற்றுத் தயங்கிவிட்டு அந்த வட்டத்துக்குள்ளேயே நுழைந்தது.

"பட்டப்பகல்ல, ஆபீஸ்ல..." என்று பல்லைக் கடித்தாள்.

வீட்டு மெஷின்களுக்குக் கையேடு தயாரித்துக் கொடுக்கும் அலுவலகம் அது. பெட்டியைப் பிரித்ததும் யாரும் படிக்காமல் ஓரங்கட்டுகிற அந்தச் சின்னப் புத்தகம்தான். 'ஈரக் கையால் தொடாதீர்கள்', 'குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்' போன்ற வாசகங்களை எழுதி எழுதியே அவளுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டோடு சரி.

நீல அம்பு, ஆபீஸில் எல்லோரும் 'கோடு' என்று கூப்பிடுகிறவனுடையது. படம் வரைகிறவன். நாலைந்து வயது இளையவன். வாயிலிருந்து வார்த்தை வாங்குவது கஷ்டம், கையிலிருந்து படம் வாங்குவது சுலபம். இந்த இருவரும் சேர்ந்து உருவாக்கிய கையேடுகள் ஒரு அலமாரியை நிறைத்திருந்தன.

அவர்கள் வேலை செய்யும் விதமே தனி. கோடு தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு அவள் மேஜைக்கு வருவான். மெஷினை நடுவில் வைப்பார்கள். அவள் தான் எழுதிய ஒவ்வொரு படியையும் உரக்கப் படித்து, அதன்படியே கையால் செய்வாள். அவன் அந்தக் கையைப் பார்த்து வரைவான். அவளுடைய இடக்கைச் சுண்டுவிரல் கொஞ்சம் உள்பக்கமாக வளைந்திருக்கும். சின்ன வயதில் கதவிடுக்கில் மாட்டியது. கோடு அந்த வளைவை ஒரு படத்தில்கூட விட்டதில்லை. எங்கோ ஒரு வீட்டில் யாரோ சலவை மெஷினை முதன்முதலாகத் திறக்கும்போது, எப்படித் திறப்பது என்று காட்டுவது அவளுடைய கை. கடைக்குப் போனால், பெட்டிகளைப் புரட்டித் தன் சுண்டுவிரலைத் தேடுவது அவளுக்கு ரகசிய சந்தோஷம்.

அந்த சந்தோஷத்தில் மண்ணைப் போட்டவர் டெமோ சார்.

மேலாளர்தான் டெமோ சார். மாதம் தவறாமல் இணையத்தில் ஒரு புதுக் கருவியைப் பிடித்துவந்து, எல்லோரையும் உட்காரவைத்துச் செயல்விளக்கம் கொடுப்பார். முதலில் அரட்டைக் குழு வந்தது. ஆளாளுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியதோடு அது முடிந்தது. அடுத்து வேலை அட்டைகள். எல்லா அட்டையும் 'நடந்துகொண்டிருக்கிறது' என்ற கட்டத்திலேயே நின்று, ஒன்றும் நடக்காமல் போயிற்று. மூன்றாவதாக வந்ததுதான் பலகை. எந்த ஊரில் இருந்தாலும் எல்லோரும் ஒரே வெள்ளைத் திரையில் எழுதலாம், வரையலாம், அழிக்கலாம். ஆளுக்கு ஒரு நிறத்தில் அம்பு. அக்காவுக்குச் சிவப்பு.

கிளை அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த எழுத்துக்காரிக்கு மஞ்சள். அவளை இங்கே யாரும் நேரில் பார்த்ததில்லை. புகைப்படம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பூனைப் படத்தை ஒட்டியிருந்தாள். குரல் மட்டும் கேட்கும். கோட்டை 'அண்ணா' என்று கூப்பிடுகிற குரல். அண்ணாவாம், அண்ணா!

பெரிய வாடிக்கையாளர் ஒருவர் வந்திருந்தார். மெஷின்களின் ஒரு முழு வரிசைக்கும் கையேடு வேண்டுமாம். முதலாவது, காய்கறி வெட்டும் மெஷின். டெமோ சார் தெளிவாகவே சொல்லிவிட்டார். அதை மஞ்சளும் கோடும் பலகையில் செய்து பார்க்கட்டும். வெள்ளிக்கிழமை வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டால் வரிசை முழுவதும் அந்த ஜோடிக்கு. சொதப்பினால் பழைய ஜோடிக்கு. அதுவரை அக்கா பழைய கையேடுகளைத் திருத்திக்கொண்டிருக்கட்டும்.

பழைய ஜோடி! அந்த வார்த்தை அவளுக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

செயல்விளக்கத்தின்போது டெமோ சார் ஒரு வித்தையைக் காட்டினார். திரையின் உச்சியில் ஒவ்வொருவருக்கும் ஒரு சின்ன வட்டம். யாருடைய வட்டத்தை அழுத்துகிறோமோ, அவர் போகிற இடமெல்லாம் நம் திரையும் கூடவே போகும். அதற்குப் 'பின்தொடர்தல்' என்று பெயர். சார் அதற்கு மேலும் ஏதோ விளக்கினார். அக்காவின் காது அங்கே இல்லை. திரையின் மூலையில் மஞ்சளும் நீலமும் விளையாட்டாகப் புள்ளிக்கோலம் மாதிரி ஏதோ போட்டுக்கொண்டிருந்தன. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையே நீல வட்டத்தை அழுத்தினாள்.

அதன்பிறகு பழைய கையேடுகள் பேருக்குத்தான் திறந்திருந்தன. மௌஸைத் தொட்டால்தானே தன் சிவப்பு அம்பு அங்கே தெரியும்? அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நீலம் போகிற இடமெல்லாம் திரை போயிற்று. நாலு மேஜை தள்ளி, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த கோடு ஒருமுறைகூடத் திரும்பவில்லை. அவன் நாற்காலி அவள் மேஜைக்கு வந்து எத்தனையோ நாளாயிற்று.

செவ்வாய்க்கிழமை அந்தக் கையைப் பார்த்தாள்.

மெஷினின் மூடியைப் பிடித்திருக்கும் இடக்கை. கோட்டின் படம்தான், சந்தேகமில்லை. ஆனால் விரல்கள் நீளமாக, வழவழவென்று, விளம்பரத்துக்கு வந்தவை போல் இருந்தன. அவள் முகத்தைத் திரைக்கு அருகில் கொண்டுபோனாள்.

சுண்டுவிரல் நேராக இருந்தது.

பக்கத்திலேயே மஞ்சள் ஒட்டிவைத்திருந்த புகைப்படங்கள். தன் கையைத் தானே படமெடுத்து அனுப்பியிருக்கிறாள். மூடியைத் திறக்கிற கை, காயைப் போடுகிற கை, பொத்தானை அழுத்துகிற கை. கீழே ஒரு குறிப்பு: 'அண்ணா, இது போதுமா? இன்னும் வேணுமா?'

'போதும். அருமை' என்று நீலத்தில் பதில்.

அருமை. இத்தனை வருஷத்தில் அவளுடைய கையைப் பார்த்து அவன் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை.

அன்று மாலை சாப்பாட்டு மேஜையில் அவள் பாத்திரத்தை வைத்த சத்தத்திலேயே கணவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க ஊர்க் கண்ணைச் சோதிக்கிற மனிதர்.

"இன்னிக்கும் மஞ்சளா?"

அவள் கொட்டித் தீர்த்தாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ஆளைப் பாத்து வயிறெரியறவங்களைப் பாத்திருக்கேன். அம்பைப் பாத்து எரியற முதல் ஆள் நீதான்."

"சிரிக்காதீங்க."

"சிரிக்கல. அந்தத் தம்பி பக்கத்துலதானே உக்காந்திருக்கான்? எழுந்து போய் கேளேன்."

"நான் எதுக்குப் போகணும்? அவன் வரட்டும்."

இதற்கு அவரிடம் கண்ணாடி இல்லை.

புதன்கிழமை, நாலாவது படி.

நீலத்தின் பின்னாலேயே போய்க்கொண்டிருந்த திரை அங்கே நின்றது. படத்தில் மஞ்சளின் கை பிளேடைக் கழற்றிக்கொண்டிருந்தது. கீழே மஞ்சள் எழுதிய வரிகள்: 'பிளேடைக் கழற்றி நீரில் கழுவவும். எச்சரிக்கை: கழற்றுவதற்கு முன் மின்சார இணைப்பைத் துண்டிக்கவும்.'

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

எச்சரிக்கை பின்னால் வருகிறது! கையேட்டை யாரும் முழுதாகப் படித்துவிட்டு வேலையை ஆரம்பிப்பதில்லை. ஒரு கண் புத்தகத்தில், ஒரு கை மெஷினில். 'கழற்றி' என்று படிக்கும்போதே கை கழற்றிவிடும். அடுத்த வரிக்கு வரும்போது விரல் இருக்குமோ, இருக்காதோ. எச்சரிக்கை எப்போதும் படிக்கு முன்னால் வரவேண்டும். உரக்கப் படித்துக் கையால் செய்துபார்த்தால் இந்தத் தப்பு உடனே மாட்டிக்கொள்ளும். மஞ்சள் எங்கே செய்துபார்த்தாள்? கையைப் படம்தானே எடுத்தாள்!

அவள் விரல்கள் விசைப்பலகையின் மேல் வந்து நின்றன. ஒரே ஒரு குறிப்பு. 'மேலே தூக்கிப் போடு.' அவ்வளவுதான்.

மெல்ல விரல்களை எடுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை வரட்டும். வாடிக்கையாளர் இருக்கட்டும். எல்லோர் முன்னாலும், நிதானமாக, ஒரு தொண்டைச் செருமலோடு சொல்லலாம். அப்போது தெரியும், யார் கை தேர்ந்த கையென்று. நீலம் படத்துக்கு நிழல் போட்டுக்கொண்டு அங்கேயே வெகுநேரம் இருந்தது. அவளும் அந்த நாலாவது படியை வெறித்தபடி இருந்தாள். வியாழக்கிழமை நீலம் திரும்ப வந்தது, அவளும் வந்தாள். ஊருக்கெல்லாம் எச்சரிக்கை சொன்னவள் வாயே திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கூட்ட அறையில் பெரிய திரையில் பலகை விரிந்தது. வாடிக்கையாளரின் பிரதிநிதி, சுறுசுறுப்பான ஒரு பெண்மணி, படங்களை வரிசையாகப் பார்த்துத் தலையாட்டினார். ஒலிபெருக்கியில் மஞ்சள். மூலையில் கோடு. நாலாவது படி வந்தது. பெண்மணி தலையாட்டினார். நாலாவது படி போயிற்று. அக்கா தொண்டையைச் செருமத் தயாரானாள்.

டெமோ சார் முந்திக்கொண்டார்.

"இன்னொரு விஷயம் மேடம். எங்க சீனியர், இதோ இவங்க, வேற வேலை இருந்தும் ஒவ்வொரு பக்கத்தையும் கூடவே இருந்து பாத்துட்டாங்க. கோடுதான் சொன்னார்."

அக்காவுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை.

"ஆமா மேடம்," என்றது மஞ்சளின் குரல். "கோடு அண்ணாவோட ஸ்கிரீனைச் சுத்தி அக்காவோட சிவப்புச் சட்டம் எப்பவும் இருக்கும். அவர் ஸ்கிரீனை எனக்குக் காட்டும்போது பாப்பேன். நாலாவது படியில அக்கா ரொம்ப நேரம் நின்னாங்க. ஏதோ தப்பு பண்ணிட்டோம்னு எனக்குத் தூக்கமே இல்ல. ஆனா அக்கா ஒண்ணும் சொல்லல. அப்புறம்தான் மூச்சே வந்துச்சு."

சிவப்புச் சட்டம்.

டெமோ சார் அன்று விளக்கியதும், அவள் காதில் விழாததும் அதுதான். யாரையாவது பின்தொடர்ந்தால், அவருடைய திரையைச் சுற்றி நம் நிறத்தில் ஒரு சட்டம் வந்து, மேலே நம் பெயர் நிற்கும். அவளுக்கு அது எப்படித் தெரியும்? அவளை யாரும் பின்தொடர்ந்ததே இல்லையே!

ஒளிந்து பார்ப்பதாக நினைத்தவள், வாரம் முழுக்கப் பெயர்ப்பலகையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"சீனியரே பாத்தாச்சுன்னா சரி. அச்சுக்கு அனுப்பிடலாமா?" என்று பெண்மணி பேனாவை மூடினார்.

அக்காவின் மனம் நாலாபக்கமும் ஓடியது. சும்மா இருந்தால் வரிசை மஞ்சளுக்கு. சொன்னால் மஞ்சளோடு சேர்ந்து தானும் விழவேண்டும். 'கவனிக்காம விட்டுட்டேன்' என்று ஒரு பொய் சொன்னால் தப்பிக்கலாம். அந்தப் பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

திரையில் டெமோ சார் பக்கங்களைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டிருந்தார். நாலாவது படி மறுபடி கண்ணில் பட்டது. பிளேடின் விளிம்பில் அந்த நேரான சுண்டுவிரல். பின்னால் சுவரில் மாட்டியபடியே இருந்த பிளக். சனியன், யார் விரலாக இருந்தாலும் வெட்டுகிற இடம் அதுதான்.

"அனுப்பாதீங்க," என்றாள்.

எழுந்து போய் டெமோ சாரின் மௌஸை வாங்கி, எச்சரிக்கை வரியைப் பிடித்து இழுத்து, படிக்கு மேலே வைத்தாள். அது ஏன் மேலே இருக்கவேண்டும் என்று இரண்டே வாக்கியத்தில் விளக்கினாள். பெண்மணி தன் கையைக் காற்றில் நீட்டிச் செய்துபார்த்தார். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

ஒலிபெருக்கியில் மஞ்சள் கேட்டாள். குரலில் குத்தல் இல்லை, அதுதான் கொடுமை.

"அக்கா, அன்னிக்கு நீங்க பாத்தீங்கல்ல?"

"பாத்தேன். தப்புன்னும் தெரியும். வேணும்னேதான் சொல்லல."

டெமோ சார் மௌஸைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

பெண்மணி திருத்தத்தோடு திங்களன்று பார்ப்பதாகச் சொல்லிக் கிளம்பினார். டெமோ சார் கதவை மூடினார். அவர் கத்துகிற ஆள் இல்லை. அன்றும் கத்தவில்லை.

"தப்பு பண்ணவளுக்குக் கத்துக்கொடுக்கலாம். பாத்துட்டு சும்மா இருந்தவங்களை நான் என்ன பண்றது?"

வரிசை மஞ்சளுக்கும் கோட்டுக்கும் என்று முடிவாயிற்று. அக்கா பழைய கையேடுகளுக்குத் திரும்பினாள். இடத்தில் உட்கார்ந்து பலகையில் ஒரு பழைய இஸ்திரிப்பெட்டிக் கையேட்டைத் திறந்தாள். எழுத்துகள் கண்ணில் நிற்கவில்லை.

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அவளுக்குப் பழக்கமான சத்தம். சக்கரம் ஒன்று கிறீச்சிடும்.

கோடு நாற்காலியை அவள் மேஜையருகில் நிறுத்தி உட்கார்ந்தான். ஒரு கையில் காய்கறி வெட்டும் மெஷின், மறு கையில் வரைபலகை.

"ஏன் அக்கா சொல்லல?"

அவள் திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "நீ இந்தப் பக்கம் வந்து எத்தனை நாளாச்சு?"

அவன் உண்மையிலேயே குழம்பினான்.

"நீங்கதான் நாள் பூரா என் கூடவே இருந்தீங்களே? உங்க சிவப்பு போச்சுன்னா, அக்கா டீ குடிக்கப் போறாங்கன்னு நானும் அப்பதான் கையை உதறிக்குவேன். திரும்ப வந்ததும் வரைவேன். கூட இருக்கறவங்களை எதுக்குத் தேடி வரணும்?"

அவன் இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை. கோபப்படவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை.

"அவ கையைப் பாத்து அருமைன்னு எழுதின," என்றாள் கடைசியில். அதை விட மனமில்லை.

"எழுதிக் கேட்டா எழுதித்தானே சொல்லணும்? நீங்க என்னிக்குக் கேட்டீங்க?" அவன் மெஷினை நடுவில் வைத்தான். "எச்சரிக்கையை மேல தூக்கியாச்சு. அதுக்கு ஒரு படம் வேணும். பிளக்கைப் பிடுங்குற கை."

"அவளையே போட்டோ அனுப்பச் சொல்லு."

"கேட்டேன். அக்கா செஞ்சுகாட்டட்டும், நான் பாத்துக் கத்துக்கறேன்னுட்டா."

அப்போதுதான் அக்கா கவனித்தாள். அவளுடைய திரையின் நான்கு ஓரங்களிலும் மெல்லிசாக ஒரு மஞ்சள் கோடு ஓடியிருந்தது. மேலே மூலையில் அந்தப் பூனை. இஸ்திரிப்பெட்டிக் கையேட்டின் பக்கத்தைத் தள்ளினாள். சட்டம் கூடவே வந்தது.

'வேவு பார்க்கிறாளா, படிக்கிறாளா?' என்ற எண்ணம் ஓடாமல் இல்லை. கொஞ்ச நேரம் அந்த நிறத்தையே முறைத்தாள். பிறகு கோட்டின் பக்கம் திரும்பினாள்.

"திறக்கற கை, காயைப் போடற கை, பொத்தானைத் தொடற கை எல்லாம் அவளுக்கு. பிடுங்கற கை மட்டும் எனக்கா?"

கோடு பென்சிலை எடுத்துவிட்டான்.

அவள் கேமராவையும் மைக்கையும் திறந்துவிட்டு, தான் மேலே தூக்கிவைத்த வரியை மஞ்சளுக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தாள். இடக்கையை நீட்டி, பிளக்கைப் பிடித்தாள். சுண்டுவிரல் நன்றாகத் தெரியும்படி கொஞ்சம் திருப்பியே பிடித்தாள்.