ப்ளக்ஸில் மிஞ்சிய கை

ப்ளக்ஸைக் கம்பத்தில் இழுத்துக் கட்டும்போதுதான் பாண்டிமீனா அதைக் கவனித்தாள். செத்துப்போன அக்கா தமிழ்வாணி, பாடி வந்த எதிரணி ரைடரின் கணுக்காலை ஒரு கையால் இறுக்கிக்கொண்டு மண்ணில் கிடக்கும் படம். மாநிலக் கபடி இறுதிப் போட்டியின் கடைசிப் பிடி. அக்காவின் மறு கையை எங்கிருந்தோ நீண்ட ஒரு கை பிடித்திருந்தது. மணிக்கட்டோடு முடிந்துபோன கை. மீதி ஆளை வெட்டிவிட்டிருந்தார்கள்.

அக்காவின் கணவர் அருள்பாண்டி நிமிர்ந்து பார்த்தார். "அந்தக் கை என்னமோ மாதிரி இருக்குல்ல மீனா? டிசைன் பண்ண பய விட்டுட்டான் போல."

"அது என் கை மச்சான்."

"அப்படியா?" என்றவர் மாலை வந்துவிட்டதா என்று பார்க்கப் போனார்.

செல்லூர்த் தெருவை அடைத்துப் போட்ட பந்தலில், அழுதுகொண்டிருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் கோச் சுருளி சொல்லிக்கொண்டிருந்தார். "அந்தக் கப்பு உங்க டீச்சர் ஒத்த ஆளா வாங்குனது. எப்பப் பாயணும்னு அவளுக்கு அம்புட்டுத் துல்லியமாத் தெரியும்."

கூட விளையாடிய ராக்கம்மாள் மூக்கை உறிஞ்சினாள். "பாயிண்டெல்லாம் எடுத்தது நானு. எனக்கு எப்பண்ணே ப்ளக்ஸ்?"

"அதுக்கு நீ சாகணும்ல."

பெண்கள் சிரித்துவிட்டு, சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

மீனாவுக்கு வயிறு எரிந்தது. ஐஸ் பெட்டிக்குள் கிடப்பவளைப் பார்த்தா எரிகிறது என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் எரிந்தது.

ஆட்டத்தில் அக்காவுக்கு மூலை, மீனாவுக்கு அவள் பக்கம். மூலையில் நிற்பவள் ரைடரின் காலைவிட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. ஆனால் காலை மட்டும் பார்த்தால் உடம்பின் பாரம் எங்கே சாய்கிறது என்று தெரியாது. அதற்கு இடுப்பைப் பார்க்க வேண்டும். பக்கத்தில் கைகோத்து நிற்பவளால்தான் பார்க்க முடியும். பாரம் முன்காலில் இறங்கிய பிறகு அந்தக் காலைச் சட்டென்று பின்னால் இழுக்க வராது. பிடிக்க வேண்டியது அப்போதுதான். வாயால் சொன்னால் ரைடருக்கும் கேட்டுவிடும். அதனால் கையை ஒரே ஒரு அழுத்து. அழுத்தினால் போ. விரல்களைப் பின்னிக்கொண்டால் உதறும்போது ஒடிந்துவிடும். கொக்கியைப் போல நாலு விரலில் நாலு விரலை மாட்ட வேண்டும். அக்காவும் தங்கையுமாகக் கண்டுபிடித்தது, கோச்சுக்குக்கூடத் தெரியாது.

அன்றைக்கு அழுத்தியது மீனா. பேப்பரில் படமும் பள்ளிக்கூட வேலையும் பாய்ந்தவளுக்குப் போயின. மீனாவுக்குத் தறிப்பட்டறை. என்றைக்காவது அக்கா வாயால் சொல்வாள் என்று காத்திருந்தாள். சொல்லக்கூடிய ஒரே ஆளும் போய்விட்டாள்.

"அண்ணே, அன்னிக்கு அழுத்துனது நானு" என்றாள் சுருளியிடம்.

"எதை அழுத்துன?"

"அக்கா கையை. நான் அழுத்துனாத்தான் அவ போவா."

சுருளி அவள் தலையில் கை வைத்தார். "எல்லாரும் சேந்து ஆடுனதுதானம்மா. அழுகாத."

அவள் அழவில்லை.

சங்கு ஊதினார்கள். குளிப்பாட்டிப் பாடையில் கிடத்தினார்கள். மீனா குனிந்து, மாலைக்கு அடியில் அக்காவின் கையைத் தேடினாள். விரல்கள் வளையவில்லை. தன் நாலு விரலை மட்டும் வளைத்து மாட்டிக்கொண்டாள்.

"தூக்கப்போறோம், தள்ளுங்கம்மா" என்றார் ஒருவர்.

மீனா ஒரு முறை அழுத்தினாள். பிறகு விட்டாள்.

பாடை எழுந்தது.