ஸோரிகா ராணியின் பிறந்த வீடு

மன்னர் பெரிஸ்லாவின் தங்கை விதோசவாவுக்கு அண்ணியைக் கண்டாலே ஆகாது. ஸோரிகா ராணியாகி ஏழெட்டு ஆண்டுகள் ஆகியும், அவள் யார் பெற்ற மகள் என்று யாருக்கும் தெரியவில்லை. கிரேக்கச் சக்கரவர்த்தியின் பேத்தி என்றார் பாதிரியார். ஹங்கேரியப் பிரபுவின் மகள் என்றார்கள் வணிகர்கள். ஆடு மேய்த்தவள் என்றது அடுக்களை.

"எங்க அண்ணிக்குப் பிறந்த வீட்டுச் சீர் ரெண்டு தேசத்துலேருந்து வரணும். ஒண்ணுலேருந்தும் காணோம்!" என்று விருந்தில் எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரிப்பாள் விதோசவா. ஸோரிகாவும் கூடவே சிரித்துவிடுவாள். அதுதான் இவளுக்கு இன்னும் எரியும்.

அந்தக் குளிர்காலத்தில், புல்வெளி நாடோடிகளான குமானியரின் குதிரைப்படை கோட்டையை வளைத்தது. மன்னர் காய்ச்சலில் நினைவின்றிக் கிடந்தார். இளவரசனைப் பிணையாகத் தரவேண்டும் என்றான் குமானியத் தலைவன். பேச ராணியே புறப்பட்டாள். எங்கே பிள்ளையை விற்றுவிடுவாளோ என்ற சந்தேகத்தில் விதோசவாவும் கூடப் போனாள்.

உறைந்த லிம் ஆற்றின் நடுவே அவர்களைச் சந்திக்கத் தலைவன் தனியாகக் குதிரையில் வந்தான். வாய் திறக்கும் முன் பனிக்கட்டி பிளந்தது. குதிரை இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கியது. அங்கவடியில் மாட்டிய காலை எடுக்க முடியாமல் அவனும் அதோடு போய்க்கொண்டிருந்தான். கனத்த குதிரைகளோடு அவன் ஆட்கள் கிட்டே வரப் பயந்து கரையிலேயே நின்றார்கள்.

ஸோரிகா பனிமேல் குப்புறப் படுத்து ஊர்ந்தாள்.

"பைத்தியமா அண்ணி உங்களுக்கு? முழுகட்டும், விடுங்க!"

"காலைப் பிடிச்சுக்கோடி. பேசாதே."

விதோசவா பிடித்துக்கொண்டாள். ஏன் பிடித்தாள் என்று பிறகு அவளுக்கே விளங்கவில்லை. ராணி குதிரையின் காதருகே போய், விதோசவா கேட்டேயிராத ஒரு மொழியில், குழந்தையை அதட்டுவதுபோல ஏதோ சொன்னாள். வெறிகொண்டு உதைத்த குதிரை அப்படியே அடங்கி நின்றது. தலைவன் காலை உருவிக்கொண்டு, அவள் நீட்டிய இடுப்புக்கச்சையைப் பற்றி மேலே வந்தான். அப்புறம் குதிரையும் முன்னங்காலை ஊன்றி எழுந்தது.

குளிரில் பற்கள் கிடுகிடுக்க நின்றவன் கேட்டான்: "நீ யார் மகள்?"

"முதல்ல ஈரத்தை மாத்து. விறைச்சுச் செத்துடுவே," என்றாள் ராணி.

மறுநாள் விடிந்தபோது எதிர்க்கரையில் கூடாரங்கள் இல்லை.

கணப்பருகே ராணியின் கைகளைத் தேய்த்துவிட்டபடி விதோசவா மெதுவாகக் கேட்டாள். "அப்போ... நீங்க குமானியப் பொண்ணா அண்ணி?"

"தெரியலடி. நினைவு தெரிஞ்சப்போ அவங்க கூடாரத்துல இருந்தேன். மகளா, பிடிச்சிட்டு வந்த பிள்ளையான்னு யாரும் சொல்லல. அப்புறம் ஒரு கிரேக்க வீட்டுலயும் ஹங்கேரிய வீட்டுலயும் வளர்ந்தேன். கேக்கறவங்களுக்கு என்ன சொல்ல? சிரிச்சு வச்சேன்."

இத்தனை வருஷமாக அந்தச் சிரிப்புக்குள் இருந்தது என்னவென்று விதோசவா அப்போதுதான் பார்த்தாள். அந்தக் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பல ஆண்டுகள் கழித்து ராணி கண்மூடியபோது கிரேக்கர், ஹங்கேரியர், குமானியர் என்று மூன்று தேசத்தாரும் வந்து, எங்கள் ரத்தம், எங்கள் ரத்தம் என்று கல்லறை வாசலிலேயே சண்டைக்கு நின்றார்கள்.

நரைத்த தலையோடு விதோசவா குறுக்கே வந்தாள். "சத்தம் போடாதீங்க. எங்க வீட்டுப் பொண்ணு தூங்குறா," என்றாள்.