சகோதரன் என்றுதான் எழுதியிருக்கிறது

“என் தம்பியை என் வீட்டுக்குள்ள வந்து உக்காருன்னு நான் கூப்பிடுறேன். குறுக்கே கை நீட்ட இவர் யாரு?” என்று மிர்தோ கத்தியதில் அவள் பிடித்திருந்த பருப்புச் சட்டி ஒருபக்கமாகச் சாய்ந்தது.

“குறுக்கே நிக்கிறது நான் இல்லம்மா. மோசேயோட சட்டம்” என்றார் யோயெசர்.

“மோசே இந்த வீட்டுல எந்த அறையில தங்கியிருக்காரு? எனக்குத் தெரியாதே.”

முற்றத்திலிருந்து அந்தத் தம்பி லைக்கோனின் குரல் கேட்டது. “ஞானஸ்நானம்னு என்னைத் தண்ணியில முக்கினப்போ ஒருத்தரும் கத்தியைக் காட்டலை. இப்போ எதுக்குக் காட்டுறீங்க? அப்போ அன்னைக்கு நான் சும்மா குளிச்சிட்டு வந்தேனா?”

ஓய்வுநாள் முடிந்து பொழுது சாய்ந்ததும் மிர்தோ வீட்டில் மேசியாவை நம்புகிறவர்களின் சபை கூடிச் சாப்பிடுவது அந்தியோகியாவில் நான்கு வருஷப் பழக்கம். யூதர், கிரேக்கர், சிரியர் என்று யார் வந்தாலும் ஒரே பந்திதான். மூன்று வாரத்துக்கு முன் யூதேயாவிலிருந்து சட்டம் கற்ற யோயெசர் வந்து இறங்கியதும் பந்தி இரண்டாகிவிட்டது. மோசே சொன்னபடி முன்தோலை அறுத்து விருத்தசேதனம் செய்தவர்கள் உள்ளே. செய்யாதவர்கள் முற்றத்தில், கோழிகளோடு.

இரண்டுக்கும் நடுவே, வாசல்படியில், ரொட்டிக் கூடையோடு நின்றுகொண்டிருந்தாள் ஷேலாம். லைக்கோனுக்கும் அவளுக்கும் நிச்சயமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவளுடைய அப்பா சப்தாய் உள்பந்தியில் தலையைக் கிண்ணத்துக்குள் விட்டபடி மீன் முள்ளை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

மூன்று வாரமாகத் தெருவில் வேறு பேச்சே கிடையாது. கிணற்றடியிலும் ரொட்டி அடுப்படியிலும் லைக்கோனின் உடம்பில் ஒரே ஓர் இடத்தைப் பற்றித்தான் பேச்சு. அவன் பொதுக் குளியல் கூடத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவன். அங்கே துணியோடு நிற்க முடியாது. அதனால் அவன் பொய் சொல்ல வழியே இல்லை, ஊருக்கே தெரியும். இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் கல்யாணமாகாத பெண் ஒன்றும் புரியாதவள்போலத் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். குனிந்து குனிந்து ஷேலாமுக்குக் கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

வீட்டுக்குப் போனதும் அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். “நிச்சயம் பண்ணினப்போ அதெல்லாம் வேண்டாம்னு நீங்கதானே சொன்னீங்க?”

“சொன்னேன். அப்போ யோயெசர் வரலை.”

“அப்போ கடவுள் இருந்தாருல்ல?”

“வாயைக் குறை. நாளைக்கு யூதேயாவுல இருந்து வர்ற சொந்தக்காரன் ஒருத்தனும் நம்ம வீட்டுல கை நனைக்க மாட்டான். லைக்கோன் அறுத்துக்கட்டும், மறுநாளே கல்யாணம்.”

சபை வழக்கமாகச் செய்வதைச் செய்தது. தானே முடிவெடுக்காமல், எருசலேமில் இருக்கும் மூப்பர்களைக் கேட்டு வரச் சிலரை அனுப்பியது. கோடை முழுக்கக் காத்திருந்தார்கள். லைக்கோன் சொன்ன பதில் ஒன்றுதான்: “பெரியவங்க என்ன எழுதுறாங்களோ அதைச் செய்றேன்.” கேட்கிறவர்களுக்கு நல்ல பதில். காத்திருக்கிறவளுக்கு?

ஒருவழியாகக் கடிதம் வந்தது. சபைக்கு நடுவே நின்று வாசித்தார்கள். யூதரல்லாத புறஜாதிச் சகோதரர்கள் சிலைக்குப் படைத்ததையும், இரத்தத்தையும், நெரித்துக் கொன்றதையும், வேசித்தனத்தையும் விலக்கினால் போதும். வேறு பாரம் இல்லை. முற்றத்துக்காரர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். பந்தி மறுபடி ஒன்றானது. யோயெசர் மட்டும் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு மூலைக்குப் போனார். ஷேலாம் மறுநாள் காலை பெட்டியைத் திறந்து கல்யாணத் துணிகளை வெயிலில் போட்டாள்.

சப்தாய் துணிகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“சகோதரன்னுதான் எழுதியிருக்கு. மருமகன்னு எழுதலையே.”

துணிகள் கொடியில் கிடக்க, ஷேலாம் நேராக மிர்தோவின் அடுக்களைக்குப் போனாள். லைக்கோன் அங்கே ஒலிவக்காய் தின்றுகொண்டிருந்தான்.

“சட்டத்துக்காக வேண்டாம். எனக்காகப் பண்ணிக்குவீங்களா?”

“நேத்து வரைக்கும் பண்ணியிருப்பேன், ஷேலாம். இப்போ கடிதம் வந்துருச்சு. இனிமே நான் போய்ப் பண்ணிக்கிட்டா, என்னைப் பார்த்து தைரியமா இருக்கிறவங்க என்ன நினைப்பாங்க?”

நேற்று வரைக்கும் அவன் பண்ணிக்கொள்ளவில்லை என்பது அவளுக்கு ஞாபகம் இருந்தது.

“நான் என்ன நினைக்கணும்?”

“பொறுமையா இரு. உங்கப்பா மனசு மாறும். கர்த்தர் வர்ற வரைக்கும் வேணும்னாலும் நான் காத்திருப்பேன்.”

“அவர் சீக்கிரம் வர்றதாத்தான் சொல்றாங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

குளிர்காலத்தில் தரகுக்காரி ஒருத்தி தர்சுவிலிருந்து ஒரு வரன் கொண்டுவந்தாள். துணிக்குச் சாயம் போடுகிறவன், பெண்டாட்டியை இழந்தவன், நல்ல யூதன். எல்லாம் கேட்டுவிட்டு அவள், “நிச்சயமான பொண்ணாச்சே. தள்ளுதல் சீட்டு எங்கே?” என்றாள். யூதப் பெண்ணுக்கு நிச்சயமென்றால் பாதிக் கல்யாணம். நிச்சயித்தவன் எழுதிக் கையில் கொடுத்தால்தான் விடுதலை.

ஷேலாம் யோயெசரிடம் போனாள்.

“சீட்டா?” என்றார் அவர். “புறஜாதிக்காரனோட பண்ணின நிச்சயமே செல்லாதும்மா. இல்லாத ஒண்ணை அறுக்கச் சீட்டு எதுக்கு?”

“அப்போ ரெண்டு வருஷத்துக்கு மேலா நான் யாருக்காகக் காத்திருந்தேன், ஐயா?”

“அது சட்டத்துல வராத கேள்வி.”

தரகுக்காரி இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஊரறிய விருந்து சாப்பிட்ட நிச்சயம், சீட்டு இல்லாமல் நான் வாய் திறக்க மாட்டேன் என்றாள். ஷேலாம் லைக்கோனிடம் போனாள்.

“மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா மோசேயோட சட்டப்படி நான் சீட்டு எழுதினா, அந்தச் சட்டத்துக்கு நான் கட்டுப்பட்டவன்னு ஆயிடாதா?”

ஆக, சட்டத்தை நம்புகிறவர் சீட்டு தேவையில்லை என்கிறார். நம்பாதவன் சீட்டு கூடாது என்கிறான். இரண்டு பேருக்கும் கொள்கை பத்திரமாக இருந்தது. அன்று அவள் மிர்தோவோடு மாவு பிசைந்த வேகத்தில் பலகை ஆடியது.

“மாவு உனக்கு என்னடி பாவம் பண்ணுச்சு?” என்றாள் மிர்தோ.

“உங்க தம்பி எங்கேக்கா?”

“எங்கே இருப்பான், உள்ளே உக்காந்து கடிதம் எழுதுறான். எருசலேம் கடிதம் வந்ததுல இருந்து இவனுக்கும் அந்த வியாதி. சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் புத்தி சொல்லி எழுதுறான்.”

ஷேலாம் கையைக் கழுவிக்கொண்டாள்.

அன்று மாலை பந்திக்கு எல்லோரும் வந்தபோது அவள் லைக்கோன் பக்கத்தில் போய் நின்றாள். “ஊருக்கெல்லாம் எழுதுறீங்க. எனக்கு ஒண்ணு எழுதினா ஆகாதா? மேசியாவுக்குள்ள ஒரு பொண்ணுக்கு எவ்வளவு விடுதலைன்னு.”

அவன் முகம் விளக்கு ஏற்றியதுபோல ஆனது. அடிமைத்தனம், நுகத்தடி, ஆபிரகாம் என்று முதல் தாளை முழுக்க நிரப்பினான். ஷேலாம் அருமையாக இருக்கிறது என்றாள். “என் பேரைப் போட்டு ஒரு வரி வேணும். சப்தாயின் மகள் ஷேலாம் தனக்கு இஷ்டமான எவனையும் மணந்துகொள்ள விடுதலை பெற்றவள்னு.”

“உண்மைதானே” என்று இரண்டாம் தாளில் எழுதினான். ஊர் பெயர், நாள், தன் பெயர், தகப்பன் பெயர் எல்லாம் போட்டான்.

“எருசலேம் கடிதத்தோடயும் சாட்சிக்கு ரெண்டு பேர் வந்தாங்கல்ல” என்று அவள் சொல்ல, பந்திக்கு வந்திருந்த இரண்டு யூத சகோதரர்கள் கையெழுத்துப் போட்டார்கள். அதில் ஒருவர் அவளை ஓரக்கண்ணால் பார்த்தார்.

“என் கையில குடுங்க” என்றாள். புன்னகையோடு கொடுத்தான்.

மறுநாள் யோயெசரிடம் இரண்டாம் தாளை மட்டும் கொண்டுபோனாள். அவர் இரண்டு தடவை வாசித்தார். தள்ளுதல் சீட்டுக்கு வேண்டிய வாசகம், நாள், சாட்சி, எதிலும் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை.

“என்ன எழுதுறோம்னு தெரிஞ்சுதான் எழுதினானா?”

“இல்லாத நிச்சயத்துக்குச் சீட்டு சரியா இருந்தா என்ன, தப்பா இருந்தா என்ன? சரியா இருக்குன்னு தரகுக்காரிகிட்ட மட்டும் சொல்லிடுங்க, ஐயா.”

அவர் சொன்னார். சப்தாய் வழக்கம்போல மீனுக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.

விஷயம் லைக்கோனுக்கு எட்ட இரண்டு நாள் ஆனது. மூச்சு வாங்க வாசலில் வந்து நின்றான்.

“என்னை ஏமாத்திட்டே.”

“நீங்க எழுதினதுல எந்த வரி பொய்?”

போகாதே என்று அவனிடமிருந்து ஒரு வார்த்தை வருமோ என்று ஷேலாம் கதவைப் பிடித்தபடி நின்றாள். வந்தால் என்ன செய்வோமென்று அவளுக்கே தெரியாது.

“வார்த்தையில தப்பு இல்லை” என்றான் கடைசியில். “ஆனா அந்த வடிவம் இருக்கு பாரு, அது சட்டத்தோட வடிவம்.”

ஷேலாம் கதவைச் சாத்தினாள்.

குளிர்காலம் முடிந்து கடல் பயணம் தொடங்கியதும் அவள் அந்தச் சாயக்காரனைக் கட்டிக்கொண்டு தர்சுவுக்குப் போனாள். நீலச் சாயம் படிந்த கைகளோடு வரும் புருஷன் அதிகம் பேசமாட்டானாம், அது அவளுக்குப் பிடித்திருக்கிறதாம். சப்தாய் ஒரு வருஷம் தனியாகச் சமைத்துப் பார்த்துவிட்டு மகளிடமே போய்ச் சேர்ந்தார். யோயெசர் யூதேயாவுக்குத் திரும்பிவிட்டார். லைக்கோன் பக்கத்து ஊரான தாப்னேயில் ஓர் எண்ணெய் வியாபாரியின் மகளைக் கட்டிக்கொண்டு அங்கேயே குடியேறினான். பெண் வீட்டார் அவனிடம் எதைப் பற்றியும் எதுவும் கேட்கவில்லையாம், அதுதான் அவனுக்குக் குறை என்கிறாள் மிர்தோ.