பதினைந்து எண்ணும் வரை

புருஷனின் தூண்டில் பெட்டியை மேஜைமேல் வைத்து ஆர்டிஸ் மூன்றாவது தடவையாகப் பார்த்தாள். மீனை ஏமாற்றத் தூண்டிலில் கட்டும் சிவப்புப் பொய்மீன் இருக்கவேண்டிய குழி காலியாகத்தான் இருந்தது.

“இடது பக்கம் போங்க,” என்றாள். “நாணல் குடா. அங்கதான் போயிருப்பார்.”

ஏரி வரைபடத்தின் இரண்டு ஓரங்களையும் பிடித்துக்கொண்டு நின்றிருந்த கர்ட்டிஸ் நிமிர்ந்தான். இப்போது ஷெரிஃப் ஆபீஸ் சீருடை. இருபது வருஷத்துக்கு முன்னால் இதே வீட்டு ஆப்பிள் மரத்திலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டவன்.

“நிச்சயமாத் தெரியுமா மிஸஸ் ஹாகன்? மூடுபனி விலகற மாதிரி தெரியல. ஹெலிகாப்டர் வராது. இருக்கறது ரெண்டே படகு. ஒரு பக்கம் போயிட்டா, மறுபக்கம் திரும்பறதுக்கு மத்தியானம் ஆயிடும்.”

“சிவப்பை எடுத்துட்டுப் போயிருக்கார். சிவப்புன்னா நாணல் குடாதான்.”

கர்ட்டிஸ் அதற்குமேல் கேட்கவில்லை. அந்த ஊரில் அது போதுமான சாட்சி. தொப்பியை மாட்டிக்கொண்டு ஓடினான்.

மீன் பிடிக்கப் போன புருஷன் வெண்டல் ஒன்பது மணிக்கு வந்திருக்கவேண்டும். பத்து மணிக்கு அவளுக்குக் கண் டாக்டர்; இவன்தான் கூட்டிப்போவதாக இருந்தது. பத்தரைக்கு ஆர்டிஸ் போன் செய்தாள். படகு இறக்கும் துறையில் அவனுடைய டிரக்கும் காலி இழுவண்டியும் நின்றன. படகைக் காணோம். துறையிலிருந்து இடது பக்கம் ஆறு மைல் போனால் நாணல் குடா. வலது பக்கம் ஏழு மைலில் திறந்த ஏரியில் பாதிரிப் பாறை. வெண்டலின் செல்போன் ரொட்டிப் பெட்டிக்குப் பக்கத்தில் சார்ஜரில் கிடந்தது. லைஃப் ஜாக்கெட் காராஜ் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. அதைப் பார்த்ததும் கதவைச் சாத்தினவள், அப்புறம் காராஜ் பக்கமே போகவில்லை. ஏரியில் ஐஸ் உருகி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. தண்ணீர் உறைநிலைக்கு ஆறேழு டிகிரிதான் மேலே. விழுந்தவனுக்குக் கால் மணியில் விரல் மடங்காது. ஒரு மணி நேரத்துக்குமேல் யாரும் கணக்குப் போடுவதில்லை.

எங்கே போகிறாய் என்று கேட்டு வைத்திருக்கலாமே என்று அசலூர்க்காரர்கள் கேட்பார்கள். பாஸ் மீன் பிடிக்கிறவனிடம் அதைக் கேட்கக் கூடாது. கேட்டாலும் சொல்லமாட்டான். பெண்டாட்டியிடம் சொன்னால் பாவமன்னிப்பு, பக்கத்து வீட்டு பெவ்விடம் சொன்னால் பத்திரிகை என்பான் வெண்டல். ஆர்டிஸ் ஒருநாளும் கேட்டதில்லை. அவளும் மீன் பிடிக்கிறவள்தான். முந்தின ராத்திரி அவன் எந்தப் பொய்மீனை எடுத்துத் துண்டின்மேல் வைக்கிறான் என்று பார்த்தாலே இடம் தெரிந்துவிடும்.

நேற்று சாப்பாடு முடிந்ததும் சமையலறைத் துண்டை விரித்து, சிவப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். நண்டுச் சிவப்பு, குண்டு உடம்பு, மோவாயில் தகடு. இழுத்தால் தலைகுப்புறப் போய்த் தரையைக் கிளறிக்கொண்டே வரும். பழைய முள்ளைக் கழற்றிப் புதுசு போட்டான்.

“குடாவுல கறுப்புச் சேறு. வெயில் பட்டா முதல்ல சூடாகறது அதுதான். மீனெல்லாம் அங்க வந்திருக்கும்,” என்றான்.

“மூணு ராத்திரியா வடக்குக் காத்து அடிக்குது. சூடு போயிருக்கும். வந்த மீனு பாதிரிப் பாறைக்கே திரும்பிப் போயிருக்கும். குளிர்ல அதுக்குத் துரத்தத் தெம்பு இருக்காது. பொய்மீன் அது முன்னால நின்னு காட்டணும். என் வெள்ளியை எடுத்துட்டுப் போ.”

“அந்தக் கரண்டியையா?” என்று சிரித்தான்.

அவளுடைய வெள்ளிப் பொய்மீன் யார் வீட்டு வாசலிலோ பழைய சாமான்களோடு விற்பனைக்குக் கிடந்து வாங்கியது. ஒல்லி. ஒரு பக்கம் சாயம் முழுக்கப் போய்விட்டது. இரண்டு தடவை வெட்டி இழுத்து நிறுத்தினால் மேலேயும் வராது, கீழேயும் போகாது. தண்ணீருக்கு நடுவில் அப்படியே நிற்கும்.

“நிறுத்திட்டுப் பதினஞ்சு எண்ணணும். அதுதான் வித்தை,” என்றாள்.

“பதினஞ்சு எண்ணி முடிக்கறதுக்குள்ள எனக்கு வயசாயிடும்.”

“உனக்கு ஏற்கெனவே அறுபத்தெட்டு.”

“அதனாலதான் சொல்றேன். அஞ்சுக்கு மேல என்னால ஆகாது. நாளைக்குச் சிவப்புதான்.”

நாற்பத்தொரு வருஷத்தில் ஒருதடவைகூட அவள் சொன்ன பொய்மீனை அவன் கட்டியதில்லை. வீட்டுக்குப் பெயின்ட், மகளுக்குப் பெயர், சர்ச்சில் எந்த பெஞ்ச் என்று எல்லாவற்றையும் அவளிடம் விட்டுவிட்டான். இது ஒன்றை மட்டும் விடவில்லை. ஆகவே கர்ட்டிஸிடம் தயங்காமல் சொன்னாள். சொன்னபோது உள்ளே இன்னொன்றும் இருந்தது. நாணல் குடாவில் தண்ணீர் இடுப்பளவுதான். விழுந்தாலும் காலூன்றி நிற்கலாம். பாதிரிப் பாறையைச் சுற்றி ஆழம். அவன் குடாவில் இருக்கவேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு, அரை மைல் தள்ளியிருந்த அந்த அடுத்த வீட்டிலிருந்து பெவ் காரில் வந்தாள். கையில் அலுமினியத் தாள் மூடிய பெரிய கண்ணாடிப் பாத்திரம். உருளைக்கிழங்கு, கறி, மேலே உருகின சீஸ். ஊரில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் பெவ் முதலில் கொண்டுபோவது அதுதான்.

“அதை எடுத்துட்டுப் போ,” என்றாள் ஆர்டிஸ்.

“சும்மா சாப்பாட்டுக்குத்தான்டி. ரெண்டு பேரும் ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீங்கன்னு...”

“பெவ், தயவுசெஞ்சு. இந்த வீட்டுக்குள்ள அதை வைக்காத.”

பெவ் பாத்திரத்தை வெளியே தன் காரின் பின்சீட்டில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். சுவர்க் கடிகாரம் ஓடியது. ஜன்னலுக்கு வெளியே மூடுபனி ஆப்பிள் மரம்வரை வந்து நின்றது. போன் ஒருதடவை அடித்தது, பெருநகரத்திலிருந்து மகள். கிளம்பிவிட்டாளாம், ஐந்து மணி நேரம் ஆகுமாம். “ஒண்ணும் இருக்காதும்மா, இன்ஜின் நின்னிருக்கும்,” என்று மகள் சொன்னாள். குரல் அப்படிச் சொல்லவில்லை.

ஒரு மணிக்கு கர்ட்டிஸ் கூப்பிட்டான். குடாவில் பாதி தேடியாகிவிட்டது. ஒன்றுமில்லை. ஒருவரை ஒருவர் கூப்பிடும் தூரத்துக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை.

“தேடுங்க. நாணலுக்குள்ள போய்ப் பாருங்க. நாணலுக்குள்ளதான் போவார்,” என்றாள்.

போனை வைத்ததும் அவளால் உட்கார முடியவில்லை. பெவ்வின் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. துணி துவைக்கலாம் என்று எழுந்தாள். அவனுடைய துணியைத் துவைத்தால் அவன் வந்துதான் ஆகவேண்டும் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு. கூடையிலிருந்து சட்டைகளை அள்ளி மெஷினுக்குள் போட்டாள். கீழே, காலையில் மேஜையைத் துடைக்கிற அவசரத்தில் சுருட்டி எறிந்த சமையலறைத் துண்டு கிடந்தது. அதை எடுத்தபோது சுருக்கென்று விரலில் ஏறியது.

துண்டை விரித்தாள். நடுவில் சிவப்புப் பொய்மீன். புது முள் துணியில் சிக்கி, அவள் ரத்தத்தில் ஒரு பொட்டு அதன் வயிற்றில்.

காராஜுக்கு ஓடினாள். அவளுடைய மீன்பிடிச் சாமான்கள் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் அலமாரியின் மேல்தட்டில் இருக்கும். வெண்டல் அதைத் தொடமாட்டான். அந்த டப்பாவைப் பார்க்கவேண்டும் என்று காலையிலிருந்து அவளுக்குத் தோன்றவே இல்லை. மூடியில் இருந்த தூசியில் நான்கு விரல் தடம். திறந்தாள். வெள்ளி இல்லை.

“பெவ்! போன்!”

கர்ட்டிஸ் எடுத்ததும் கத்தினாள். “தப்பு. நான் தப்பாச் சொல்லிட்டேன். வலது பக்கம். பாதிரிப் பாறை.”

“எப்படித் தெரியும்?”

“என் கரண்டியை எடுத்துட்டுப் போயிருக்கார்.”

அந்தப் பக்கம் இன்ஜின் சத்தம் கூடியது. “கிளம்பிட்டோம்,” என்றான்.

கடிகாரம் ஒன்றேகாலைக் காட்டியது. முதலில் அனுப்பியது பதினொரு மணிக்கு. இரண்டேகால் மணி நேரம். ஒரு மணி நேரத்துக்குமேல் யாரும் கணக்குப் போடாத தண்ணீர்.

“அவனைப் பாறைக்கு அனுப்பினதும் நான்தான், இவங்களைக் குடாவுக்கு அனுப்பினதும் நான்தான்,” என்றாள் ஆர்டிஸ். “பெவ், எனக்குப் பயமா இருக்கு.”

“அவன் உன் பேச்சைக் கேட்பான்னு யாருக்குடி தெரியும்?”

“எனக்குத் தெரிஞ்சிருக்கணும்.”

பெவ் அவளுடைய விரலை எடுத்துக் குழாய்த் தண்ணீரில் காட்டினாள். பிளாஸ்டர் ஒட்டினாள். ஆர்டிஸ் மேஜையில் உட்கார்ந்து சிவப்பைப் பெட்டியில் அதன் குழியில் வைத்தாள். அவன் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தொங்குவதாக அவளுக்குத் தெரிந்தது. எந்த விளிம்பு, எந்தக் கை என்பதுகூடத் தெரிந்தது. இந்த நிமிஷம் பிடித்துக்கொண்டிருக்கிறான், இந்த நிமிஷம் விட்டுவிட்டான் என்று மாறி மாறி வந்தது. கண்ணை மூடினால் இன்னும் மோசம். கடிகாரத்தைக் கழற்றி வை என்று பெவ்விடம் சொன்னாள். பெவ் கழற்றி சோபாமேல் கவிழ்த்து வைத்தாள். அங்கிருந்தும் அது கேட்டது.

கார் வந்து நின்றது. கதவு திறந்த சத்தத்துக்குப்பின் காலடிச் சத்தம் வர ரொம்ப நேரமாயிற்று. கர்ட்டிஸ் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தான். ஒரு கையில் வெண்டலின் தூண்டில் கோல். இன்னொரு கையில் பச்சை பிளாஸ்க்.

“படகுலதான் இருந்தார்,” என்றான். “தண்ணிக்குள்ள இல்ல. சீட்லயே சாய்ஞ்சிருந்தார். ஹார்ட்டுன்னு சொல்றாங்க. ரொம்ப சீக்கிரமே ஆயிருக்கும், காலையிலயே. நீங்க எந்தப் பக்கம் சொல்லியிருந்தாலும்...”

“நீ நல்ல பையன் கர்ட்டிஸ். அதனால அப்படித்தான் சொல்லுவ.”

அவனுக்கு முகம் சிவந்தது. ஆர்டிஸ் கையை நீட்டி பிளாஸ்க்கை வாங்கினாள்.

காலை ஐந்து மணிக்கு அதில் காபி ஊற்றிக் கொடுத்தது அவள்தான். முதல் கப்பை வெண்டல் ஏழரைக்குக் குடிப்பான். மழையானாலும், கோலில் மீன் இழுத்துக்கொண்டிருந்தாலும் ஏழரை. பைபிளைக்கூட அவன் அவ்வளவு ஒழுங்காகத் தொட்டதில்லை. மூடியைத் திருகினாள். உள்மூடியையும் எடுத்தாள். காபி வாய்வரைக்கும் ததும்பி நின்றது. ஆவி அவள் கண்ணாடியில் படிந்தது.

அவள் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெவ் எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். ஏழரைக்கு முன்னாலேயே முடிந்துவிட்டிருக்கிறது, அவள் யாரையும் எங்கேயும் அனுப்புவதற்கு முன்னாலேயே. பயம் போன இடத்தில் அவன் இல்லை என்பது வந்து உட்கார்ந்தது. சத்தமில்லாமல் அழுதாள். கர்ட்டிஸ் கோலைப் பிடித்தபடி நின்றான்.

பெவ் வெளியே போய்க் காரிலிருந்து பாத்திரத்தை எடுத்துவந்து ஓவனுக்குள் வைத்தாள். இந்தத் தடவை ஆர்டிஸ் தடுக்கவில்லை. கோலின் நுனியைத் தன் பக்கம் இழுத்து, தூண்டில் நரம்பில் தொங்கிய வெள்ளியைக் கையில் எடுத்தாள். சாயம் மிச்சமிருந்த பக்கத்தில் புதுசாக நாலைந்து கீறல்.

“மீன் பிடிச்சிருந்தாரா?”

“அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல,” என்றான் கர்ட்டிஸ். “கோல் அவர் முழங்காலுக்கு நடுவுல இருந்துச்சு. நாங்க போய்ச் சேர்ந்தப்போ நுனி வளைஞ்சு ஆடிட்டிருந்துச்சு. இழுத்துப் பார்த்தா மீனு. உயிரோட. இப்பத்தான் கடிச்ச மாதிரி துள்ளுச்சு. நான் விட்டுட்டேன். வச்சிருந்திருக்கணுமோ?”

“இல்ல. அவரும் விட்டிருப்பார்.”

அவள் வெள்ளியை மேஜைமேல் மெதுவாக வைத்தாள். அது கொஞ்சம் உருண்டு, முள் ஊன்றி நின்றது. அவள் உதடுகள் அசைந்தன. எண்ணுகிறாள் என்று பெவ்வுக்குத் தோன்றியது.

“எவ்வளவு பெருசு?” என்று கேட்டாள் ஆர்டிஸ்.

கர்ட்டிஸ் கோலைச் சுவரில் சாத்திவிட்டு இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். யோசித்து, கொஞ்சம் குறைத்துக்கொண்டான். பிறகு அவள் முகத்தைப் பார்த்து, முதலில் காட்டிய அளவுக்கே திரும்ப விரித்தான். அவள் அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைகளை எப்போது இறக்குவது என்று அவனுக்குத் தெரியவில்லை. அவளும் சொல்லவில்லை.