தொட்டில் டீம்

ஞாயிற்றுக்கிழமை மதியம் பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் பல் வலி இல்லை. அச்சு எடுப்பதற்கு மாவு கலக்கும் ரப்பர் கிண்ணத்தில் எட்டுத் துண்டுச் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கிக்கொண்டிருந்தார் டாக்டர். அவருடைய அக்கா புருஷனான லிப்ட் மெக்கானிக்கும், மெக்கானிக்கின் ஒரே மகளும் ஜன்னலோர நாற்காலிகளைப் பிடித்திருந்தார்கள். மற்ற ஐந்து பேரும் டாக்டரின் நண்பர்கள்.

அவர்கள் கூடியிருந்தது ஃபேன்டஸி லீகுக்கு. நிஜமான கூடைப்பந்துப் போட்டிகளில் ஆடும் வீரர்களில் ஆளுக்குப் பத்துப் பேரை முறை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒருவர் எடுத்த வீரனை இன்னொருவர் எடுக்க முடியாது. அந்த வீரன் நிஜ ஆட்டத்தில் கூடையில் போடும் பந்து, எகிறிப் பிடிக்கும் பந்து, கொடுக்கும் பாஸ் எல்லாம் அவனை எடுத்தவருக்குப் புள்ளிகளாகச் சேரும். வாரத்துக்கு ஒருவரோடு மோதல். சீசன் முடிந்ததும் நாலு பேரை மட்டும் அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொண்டு மற்றவர்களை விட்டுவிட வேண்டும்.

இந்தக் கடைசி விதியில்தான் மெக்கானிக் விழுந்தார்.

சீட்டில் முதல் இடம் டாக்டருக்கே வந்தது. யாரும் ஆச்சரியப்படவில்லை, கிண்ணம் அவருடையது. அவர் லீகிலேயே பெரிய ஆட்டக்காரனை எடுத்துக்கொண்டார். இரண்டாவது இடம் மெக்கானிக்குக்கு.

“அத்தான், லாரி இன்னும் இருக்கான்” என்றார் டாக்டர். லாரி என்பது அவர்கள் வைத்த பட்டப்பெயர். முப்பத்தொரு வயது, அகலமான உடம்பு, ஒரு ஆட்டத்தில் முப்பது புள்ளிக்குக் குறையாமல் எடுப்பவன்.

மெக்கானிக் தன் நோட்டைப் புரட்டினார். “கொக்கு” என்றார்.

அது யாரென்று யாருக்கும் தெரியவில்லை. மகள்தான் போனில் தேடிப் பார்த்துச் சொன்னாள். “ஏழடிக்கு மேல உயரம். வயசு பத்தொன்பது. போன வருஷம் ஆடினது பதினோரு மேட்ச். மேட்ச்சுக்கு ரெண்டு பாயிண்ட்.”

“சராசரியாவா?”

“ஆமா மாமா. நல்லா ஆடின மேட்ச்சையும் சேர்த்து.”

டாக்டர் அத்தானைப் பார்த்தார். “அத்தான், நாம ஆள் எடுக்க வந்திருக்கோம். நீங்க தத்தெடுக்கறீங்க.”

மெக்கானிக் அசரவில்லை. அடுத்தடுத்த முறைகளிலும் இருபது, இருபத்தொன்று, இன்னொரு பத்தொன்பது என்றே எடுத்துக்கொண்டு போனார். “மூணு வருஷம் கழிச்சுப் பாருங்க” என்று மட்டும் சொன்னார். மகள் நேர்மாறாக முப்பதைத் தாண்டியவர்களாகப் பொறுக்கினாள். அவள் அணிக்குப் பென்ஷன் டீம் என்று பெயர் விழுந்தது. அவருடையதற்குத் தொட்டில் டீம்.

வீட்டில் அவர் மனைவி பட்டியலை வாங்கிப் பார்த்தாள். அவள் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். “எலும்பு முத்தாததாப் பார்த்து எடுத்துட்டு வந்திருக்கீங்க” என்று திருப்பிக் கொடுத்தாள்.

முதல் ஏழு வாரமும் தொட்டில் டீம் தோற்றது. சாதாரணமாகத் தோற்கவில்லை. ஒரு வாரம் அவருடைய பத்துப் பேரும் சேர்ந்து எடுத்த புள்ளியை டாக்டரின் மூன்று பேர் புதன்கிழமைக்குள் எடுத்துவிட்டார்கள். திங்கள்கிழமை காலைகளில் டாக்டரிடமிருந்து தவறாமல் செய்தி வரும்: “பசங்க எழுந்தாச்சா? பல் தேய்ச்சாச்சா?” மெக்கானிக் பதில் போடமாட்டார். மதியம், ஏதாவது ஒரு கட்டடத்தின் உச்சியில் லிப்ட் மோட்டாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போது, கொக்கு களத்தில் இருந்த நாலைந்து நிமிஷங்களைப் போனில் திரும்பத் திரும்பப் பார்ப்பார். பந்து வருவதற்கு முன்பே அவன் சரியான பக்கம் திரும்பிவிடுகிறான் என்பது அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. கைக்கு வந்த பந்து நழுவிவிடுகிறது, அவ்வளவுதான்.

இதே மனிதர்தான் மகள் விஷயத்தில் வேறு ஆளாக இருந்தார். அவளுக்கு இருபத்திரண்டு வயது. மருந்தாளர் படிப்பைப் பாதியில் விட்டவள். ஒரு டிராவல்ஸ் ஆபீசில் ஐந்து மாதம், ஒரு துணிக்கடையில் மூன்று மாதம் இருந்துவிட்டு, இப்போது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃப்ரேமில் பொருத்தப் பழகிக்கொண்டிருந்தாள். ஒரு வியாழக்கிழமை, ஒரே நாளில் இரண்டு லென்ஸ்களை விளிம்பு உடைத்துவிட்டதாக வீட்டில் சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

“இதுல சிரிக்க என்ன இருக்கு?” என்றார் மெக்கானிக். “ஒரு இடத்துலயாவது காலை ஊன்றி நிக்கறியா? உன் வயசுல நான் ரெண்டு கட்டடத்துக்கு லிப்ட் போட்டு முடிச்சிட்டேன்.” அதற்கப்புறமும் நிறையச் சொன்னார். மகள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

மறுநாள் டீ நேரத்தில் அவளிடமிருந்து லீக் ஆப் வழியாக ஒரு பேரம் வந்தது. கொக்கைக் கொடுத்தால், பதிலுக்குத் தாத்தாவைத் தருகிறாள். தாத்தா முப்பத்தைந்து வயது வீரன், ஆனால் ஆட்டத்துக்குப் பதினெட்டுப் புள்ளி கண்ணை மூடிக்கொண்டு எடுப்பான். நல்ல பேரம். வேறு யாராக இருந்தாலும் ஓடிவந்து வாங்கியிருப்பார்கள்.

மெக்கானிக் அப்போது ஒரு அலுவலகக் கட்டடத்தில் நாலாவது மாடியில் இருந்தார். வேலை முடிந்திருந்தது. ஆனாலும் ‘லிப்ட் பழுது’ பலகையை எடுக்காமல் படிக்கட்டில் உட்கார்ந்து, ஒரு விரலால் பதில் அடித்தார். எல்லாரும் அவரைத் தாண்டி மூச்சு வாங்கிக்கொண்டு மேலே ஏறிப் போனார்கள். இருபது நிமிஷம் ஆயிற்று.

“கொக்கைத் தர முடியாது. அவன் வந்து ஒரு வருஷம்தான் ஆகுது. அதுக்குள்ள மூணு டீம் மாத்திட்டாங்க. மூணு இடத்துல மூணு மாதிரி ஆடச் சொன்னா யாருக்குத்தான் வரும்? தப்பு பண்றான், ஒத்துக்கறேன். கண்ணு பழகிருச்சு, கைதான் இன்னும் பழகல. பக்கத்துல நின்னு யாரும் கத்தாம இருந்தா வேற ஆளா வருவான். நான் காத்திருக்கத் தயார்.”

கீழே தன் முழுப்பெயரையும் போட்டு அனுப்பினார்.

சனிக்கிழமை மதியம் டாக்டர் சாப்பிட வந்திருந்தார். சோறு பரிமாறி முடித்ததும் மகள் போனை எடுத்தாள். “அப்பா ஒரு கடிதம் எழுதியிருக்காரு. படிக்கறேன்” என்றாள். செய்தி வாசிப்பவள் போல நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“அவ வந்து ஒரு வருஷம்தான் ஆகுது. அதுக்குள்ள மூணு கடை மாறிட்டா. மூணு இடத்துல மூணு மாதிரி வேலை செய்யச் சொன்னா யாருக்குத்தான் வரும்?”

மெக்கானிக்கின் கை தட்டிலேயே நின்றது. டாக்டருக்கு முதலில் புரியவில்லை. கொக்கின் கதை என்று புரிந்ததும் புரையேறிவிட்டது. அக்கா அவர் தலையில் தட்டித் தண்ணீரை நகர்த்தி வைத்தாள். மகள் குரலை மாற்றாமல் படித்துக்கொண்டே போனாள். “தப்பு பண்றா, ஒத்துக்கறேன். கண்ணு பழகிருச்சு, கைதான் இன்னும் பழகல. பக்கத்துல நின்னு யாரும் கத்தாம இருந்தா வேற ஆளா வருவா. நான் காத்திருக்கத் தயார்.”

“அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படி” என்றாள் அம்மா.

“நான் காத்திருக்கத் தயார்.”

“கையெழுத்து இருக்கா?”

“இருக்கு. இனிஷியலோட.”

“அது பாஸ்கெட்பாலைப் பத்தி எழுதினது” என்றார் மெக்கானிக்.

“ஆமாப்பா. அதனாலதான் இவ்வளவு நல்லா வந்திருக்கு.”

அவருக்குக் காது சூடாகிவிட்டது. எழுந்து கை கழுவப் போனார். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. “அத்தான், கை தேஞ்சிரும்” என்று டாக்டர் உள்ளிருந்து குரல் கொடுத்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மெக்கானிக் வேலை உடுப்போடு அந்தக் கண்ணாடிக் கடைக்குப் போனார். அவருடைய கண்ணாடி பழசு, இரண்டு பக்கமும் கீறல். பார்வையைப் பரிசோதித்து எழுதிக் கொடுத்த கடைக்கார அம்மா, பெரிய டெக்னீஷியனைக் கூப்பிடப் போனாள்.

“வேண்டாம்” என்றார் மெக்கானிக். மகள் இருந்த பக்கம் கை காட்டினார். “அவங்களே செய்யட்டும்.”

பெற்ற மகளை அவங்க என்று சொன்னதில் மகளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, அளவுகோலோடு எதிரில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளக்க வேண்டும். “நேரா என்னைப் பாருங்க சார். கண்ணு சிமிட்டலாம். மூச்சும் விடலாம்.” அப்போதுதான் அவர் மூச்சை விட்டார்.

வெள்ளிக்கிழமை புதுக் கண்ணாடி வந்தது. போட்ட உடனே வீடு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அலமாரி அவர் மேல் விழப்போவதைப் போலிருந்தது. மகள் “எப்படியிருக்குப்பா?” என்றாள். “பளிச்சுனு இருக்கு” என்றார்.

வேலைக்குப் பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனார், வீட்டுக்குள் புதியதை. இல்லாத படியில் கால் வைத்தார். இருந்த படியை மறந்தார். திங்கள்கிழமை காலை டம்ளருக்குப் பக்கத்தில் டீயை ஊற்றினார்.

“ஏங்க, டம்ளர் இங்க இருக்கு” என்றாள் மனைவி. பிறகு மகளை அழைத்தாள். “உங்கப்பா மூணு நாளா வீட்டை அளந்து நடக்கறாரு. அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் பாரு.”

மகள் அதைக் கடைக்கு எடுத்துக்கொண்டு போய் மெஷினில் வைத்துப் பார்த்தாள். சாயங்காலம் வந்தபோது அவள் முகத்தில் விளையாட்டு இல்லை. “வலது லென்ஸைச் சீட்டுல இருக்கற மாதிரி பத்து டிகிரி கோணத்துல வைக்கணும். நான் நூறுல வச்சுத் தேய்ச்சிருக்கேன். போட்ட உடனே தெரிஞ்சிருக்குமே. ஏன்ப்பா சொல்லல?”

“போகப் போகப் பழகிரும்னு நினைச்சேன்.”

“தப்பான கண்ணாடி பழகாதுப்பா. இதே வேற கஸ்டமரா இருந்தா ரோட்ல விழுந்திருப்பாங்க.”

“கத்தக் கூடாதுன்னு நானே எழுதிக் கொடுத்துட்டேனே” என்றார் அவர், ரொம்ப உண்மையாக.

அவள் சிரிக்க வேண்டாம் என்று பார்த்தாள், முடியவில்லை. “கத்த வேண்டாம். சொல்லுங்க. கொக்குக்கும் கோச்சுன்னு ஒருத்தர் இருப்பாரில்ல? பந்து நழுவினா ஏன் நழுவுதுன்னு சொல்லித்தானே தருவாரு.”

அவர் யோசித்தார். “சரி. தரை இடது பக்கம் இறங்குது. கதவு கோணலா இருக்கு. உங்கம்மா கொஞ்சம் குள்ளமாத் தெரியறா.”

“அது சரியாத்தான் இருக்கு” என்றாள் மகள். சமையலறையிலிருந்து ஒரு கரண்டி ஓங்கி வைக்கப்பட்ட சத்தம் கேட்டது.

தப்பு தன்னுடையது என்று கடைக்கார அம்மாவிடம் அவளே போய்ச் சொன்னாள். அந்த அம்மா புது லென்ஸை எடுத்து நீட்டி, மறுபடி அவளையே செய்யச் சொன்னாள். அன்று முதல் மகள் ஒவ்வொரு சீட்டிலும் இருக்கும் டிகிரியை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்த பிறகே லென்ஸை மெஷினில் வைத்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் அவளை ரேடியோ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இரண்டாவது கண்ணாடியில் வீடு நேராக நின்றது.

மெக்கானிக்கும் தன் டீமை நேரான கண்ணால் ஒரு தடவை பார்த்தார். தொடை நரம்பு இழுத்துக்கொண்டு சீசன் முழுக்கப் படுத்திருந்த ஒருவனைப் பாசத்தில் வைத்திருந்தார், அவனை விட்டார். இன்னும் இரண்டு இளசுகளை மகளிடம் கொடுத்துத் தாத்தாவை வாங்கினார். கொக்கைத் தரவில்லை. “தொட்டிலை ஆட்டவும் ஒரு ஆள் வேணுமே” என்றாள் மகள், பேரம் முடிந்ததும்.

அதன் பிறகும் அதிசயம் எதுவும் நடந்துவிடவில்லை. தாத்தாவின் புண்ணியத்தில் இரண்டு வாரம் ஜெயித்தார், நாலு வாரம் தோற்றார். ஆனால் சீசனின் கடைசி மாதத்தில் வேறொன்று நடந்தது. ஜெயித்து முடித்த நிஜ அணிகள் தங்கள் பெரிய வீரர்களுக்கு ஓய்வு கொடுத்தன. தோற்றுப்போன அணிகள், இனி இழக்க ஒன்றும் இல்லை என்று சின்னப் பையன்களை முழு நேரமும் ஆடவிட்டன. டாக்டரின் ஆட்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தார்கள். கொக்கு ஒரே ஆட்டத்தில் இருபத்து நாலு புள்ளி எடுத்து, பதினைந்து பந்தை எகிறிப் பிடித்தான். நழுவியது ஒன்றே ஒன்று.

அந்த வாரம் மோதல் டாக்டரோடுதான். தொட்டில் டீம் ஜெயித்தது. முதலிடத்தில் இருந்த டாக்டர் மூன்றாவதுக்கு இறங்கினார். மெக்கானிக் எட்டில் ஆறாவதாக முடித்தார்.

திங்கள்கிழமை காலை டாக்டரே போன் செய்தார். “அத்தான், இது நியாயமே இல்ல. என் ஆளுங்க யாரும் ஆடவே இல்ல.”

“வயசாச்சு இல்லையா மச்சான். ஓய்வு எடுக்கட்டும்.”

“ரெண்டே ரெண்டு பேரைக் கொடுங்க. அடுத்த வருஷத்துக்கு.”

“மகளைக் கேட்டுச் சொல்றேன்” என்றார் மெக்கானிக்.

நாலு பேரை மட்டுமே வைத்துக்கொள்ள முடியும். கொக்கும் இன்னும் இரண்டு பேரும் முடிவாகிவிட்டார்கள். நாலாவது இடத்துக்குத் தாத்தாவா, கடைசி மாதத்தில் நன்றாக ஓடிய ஒரு குட்டைப் பையனா என்பதில் அவர் இரண்டு நாளாகக் குழம்பிக்கொண்டிருந்தார். மதியம் மோட்டாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கடைக்குப் போன் போட்டார்.

“அப்பா, எதிர்ல ஆள் உட்கார்ந்திருக்காங்க. சீட்டைப் பார்த்து லென்ஸ் வச்சிட்டிருக்கேன்.”

“ஒரே நிமிஷம். தாத்தாவை வைக்கட்டுமா, அந்தக் குட்டையனை வைக்கட்டுமா?”

“நீங்க என்ன நினைக்கறீங்க?”

“குட்டையன்தான். ஆனா மூணு வருஷமாவது ஆகும்.”

“அப்ப அவனை வைங்க. எண்பத்தஞ்சு” என்றாள்.

“என்ன எண்பத்தஞ்சு?”

“உங்களுக்கில்லப்பா, லென்ஸுக்கு” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

மெக்கானிக் குட்டையனின் பெயரைப் பட்டியலில் சேர்த்து அனுப்பினார். பிறகு சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு, ஐந்தாவது மாடியில் கதவு சரியாகச் சாத்தாத லிப்டைப் பார்க்க இறங்கினார்.